அந்தக் கால் மணி நேரத்துக்கு நன்றி

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போன பேருந்தில் எனக்குச் சுகர் இறங்கித் தலை தொங்கிப்போனது இதற்குள் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். விசாரித்து வந்த அழைப்புகளுக்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் ராத்திரி விழிப்பு வந்தால் அந்த ஜன்னலோர சீட்டும் தொப்பலாக நனைந்த சட்டையும் கண்முன் வந்து நிற்கின்றன.

முதல் நன்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு. பெயர் கேட்கும் நிலையில் நான் இல்லை. மடியில் வயர்கூடை வைத்திருந்தார், பாபநாசத்தில் இறங்கினார். தெரிந்தது அவ்வளவுதான்.

"காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான் பாரு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. என் நாக்கு குழறியது, தலை தொங்கியது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கா என் புறங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடி இல்லீங்க, சுகர் இறங்கிடுச்சு" என்றார். கூடையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்து என் விரலில் குத்தினார். 52. எழுபதுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை.

அப்புறம் ஒரு சின்ன மாத்திரை டப்பாவை எடுத்தார். அதில் மாத்திரை இல்லை, ஜீனி. ஃபிளாஸ்க் மூடியில் மூன்று டீஸ்பூன் அளவுக்குக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினார். அவசரப்பட்டு என் வாயில் ஊற்றவில்லை. "முழுங்க முடியுதா தம்பி?" என்று கேட்டார். நான் தலையாட்டிய பிறகே மூடியை என் கையில் கொடுத்து, அது சிந்தாமல் தன் கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

நான் நன்றி சொல்ல நினைப்பது இந்த ஜீனித் தண்ணீருக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவர் கொடுக்க மறுத்தாரே, அதற்கு.

குடித்து முடித்ததும் ஒரு பசி வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு மெல்லக் கிளம்பும் வயிற்றுப் பசி இல்லை அது. சர்க்கரை இறங்கினால் மூளை அலறும், எதையாவது உள்ளே போடு, இப்போதே போடு என்று. கூடையில் டிபன் பாக்ஸ் தெரிந்தது. கேட்காமலே கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கால் மணி நேரம் பொறு தம்பி. அப்புறம் நானே தர்றேன்."

நான் கத்தினேன். எழுதக் கூசும் ஒரு வார்த்தையும் சொன்னேன். அவர் கையை விடவில்லை, முகமும் கோணவில்லை. "இது நீ பேசலப்பா, சுகர் பேசுது" என்றார். அப்புறம் தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு வயதில் அவனுக்கு முதல் இன்சுலின் ஊசி. ஒருநாள் இப்படித்தான் இறங்கிப்போய், அவன் அழ அழ இவர் பயத்தில் ஊட்டிக்கொண்டே இருக்க, இரண்டு மணி நேரத்தில் நானூறைத் தொட்டுவிட்டதாம். "குடிச்ச ஜீனி ரத்தத்துல ஏற நேரமாகும். அதுக்குள்ள பசி ஏமாத்திடும்" என்றார். பசுபதிகோவில் தாண்டியது. "அய்யம்பேட்டையும் தாண்டட்டும்" என்றார். தாண்டியதும் மறுபடி குத்திப் பார்த்தார். 76.

அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்தார். மகனுக்குக் கொண்டுபோன இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. இரண்டு கொடுத்தார். இரண்டுதான். இறங்கும்போது ஜீனி டப்பாவை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத. காலையில போட்ட மாத்திரை இன்னும் உள்ள வேலை செய்யும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. அன்று முகூர்த்தத்துக்குப் போகும் அவசரத்தில் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். ஒரு நாள் முழுக்க வார்டில் வைத்துப் பார்த்தார்கள். இரவு இரண்டு மணிக்கு மறுபடி 64. அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் மண்டப அறையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

பேருந்தை ஓரங்கட்டச் சொன்ன கண்டக்டர் அண்ணன், நோட்டுப் புத்தகத்தால் விசிறிய கல்லூரித் தம்பிகள், கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடிவந்த என் மைத்துனர், இரவெல்லாம் மணிக்கொரு தரம் விரல் குத்திய செவிலியர், மாத்திரையை மாற்றிக்கொடுத்த டாக்டர், ஒரு வார்த்தை திட்டாமல் உட்கார்ந்திருந்த என் மனைவி, தெருவிலிருந்து சுண்டலும் மோருமாக வந்தவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பதினொரு வருஷமாக எனக்குச் சுகர். இத்தனை நாளும் பசித்தால் சாப்பிட வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஏறினாலும் பசிக்கும், இறங்கினாலும் பசிக்கும் என்பதை இந்த வயதில்தான் உணர்கிறேன். ஏறிக் கிடக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் உடம்புக்குள் போய்ச் சேராது. தாகமும் சிறுநீரும் கூடவே வரும் பசி அது. இறங்கும்போது வருவது திடீர்ப் பசி, வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வரும். இப்போதெல்லாம் வேளை கெட்ட நேரத்தில் பசித்தால், தட்டை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுக்கிறேன். சாப்பாடு கண்முன் இல்லாமல் சுகர் மாத்திரைகளைத் தொடுவதில்லை. இதை என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். வழியில் யாராவது தள்ளாடினால், குடி என்று ஒதுங்கிப் போகமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். திட்டினாலும் விடமாட்டேன்.

அக்கா, நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் மகனுக்கு அன்று இரண்டு இட்லி குறைந்திருக்கும், அவரிடமும் சொல்லுங்கள். உங்கள் டப்பா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூடி நசுங்கியது, லேபிளில் பாதி கிழிந்தது. அதை மறுபடி ஜீனி போட்டு நிரப்பிவிட்டேன். பாபநாசம் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன்.