ஷிவோன் மக்கென்னாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஷிவோன் மக்கென்னா அவர்களுக்கு,

‘டாக்டர் ஷிவாகோ’ பார்த்த எல்லோரும் உங்களைப் பார்த்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால்தான் முழிப்பார்கள். அதில் டாக்டரின் மனைவி டோன்யாவின் அம்மாவாகக் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போய்விடுவீர்கள். ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ (1961) இன்னும் வேடிக்கை. நீங்கள் மரியாள், ஜெஃப்ரி ஹண்டர் இயேசு. அம்மாவுக்கும் மகனுக்கும் ஐந்து வயது வித்தியாசம்கூட இல்லை! சினிமா உங்களை வைத்திருந்த லட்சணம் இதுதான். உங்களைத் தெரிந்துகொள்ள மேற்கு அயர்லாந்தின் கால்வேக்குத்தான் போக வேண்டும்.

பிறந்தது பெல்ஃபாஸ்ட், வளர்ந்தது கால்வே. அப்பா கணிதப் பேராசிரியர். வீட்டில் பேச்சு ஐரிஷ் மொழியில். கல்லூரியில் படிக்கும்போதே ஐரிஷ் நாடகங்களுக்கென்று 1928இல் தொடங்கப்பட்ட டைவ்யார்க் அரங்கில் மேடை ஏறிவிட்டீர்கள். 1944இல் டப்ளினின் அபே தியேட்டர், அங்கேயே நடிகர் டெனிஸ் ஓடேயாவுடன் காதல், கல்யாணம். சரி, இதெல்லாம் எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் கிடைக்கும்.

எனக்குத் தீராத ஆச்சரியம் அந்த ஜோன்தான். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி பெர்னார்ட் ஷா எழுதிய ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தை நீங்களே ஐரிஷில் மொழிபெயர்த்து, 1950களின் தொடக்கத்தில் கால்வேயின் அந்தச் சின்ன அரங்கில் நடித்தீர்கள். ஆங்கிலத்தில் நடித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்: டப்ளின், 1954இல் லண்டன், 1956இல் நியூயார்க். லண்டனுக்குப் போகிறோமே என்று உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. மேற்கு அயர்லாந்துக்காரியின் பேச்சிலேயே உங்கள் ஜோன் பாதிரிமார்களுக்குப் பதில் சொன்னாள். அவள் பட்டிக்காட்டுப் பெண்தானே, அரண்மனைப் பேச்சு எங்கிருந்து வரும்? விசாரணைக் காட்சியில், ஆயுள் முழுக்கச் சிறை என்று தெரிந்ததும், தன் நம்பிக்கையை மறுத்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்து எறிகிறாள். ரொட்டியும் தண்ணீரும் மட்டும் தந்தால் பரவாயில்லை, வயல்வெளியும் வானம்பாடியும் ஆட்டுக்குட்டிகளின் கத்தலும் இல்லாமல் முடியாது என்கிறாள். கிராமத்து வாய் பேசினால்தான் அது எடுபடும். 1956 செப்டம்பரில் ‘லைஃப்’ பத்திரிகை உங்களை அட்டையில் போட்டது.

அடுத்த வருடமே அதே நாடகம் ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கத்தில் படமாக வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களைச் சலித்து, சினிமாவில் நடித்தே இராத ஜீன் சீபெர்க்கைப் பிடித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்னவோ அந்தச் சின்னப் பெண்தான், பாவம்.

1962இல் அயர்லாந்து நாடகாசிரியர் ஜே.எம். சிங்கின் ‘தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ நாடகம் படமானபோது கதாநாயகி பெகீன் வேடம் உங்களுக்கே கிடைத்தது. ஆனால் அவளுக்கு இருபது வயது, உங்களுக்கு நாற்பதை ஒட்டி. க்ளோஸ்-அப்பில் வயது தெரியத்தான் செய்கிறது, மறைப்பானேன். மேடையில் பத்தாவது வரிசைக்காரனுக்கு அது தெரிந்திருக்காது.

வயதே பலமாக மாறியது 1985இல். டாம் மர்ஃபியின் ‘பாலேகங்காரே’ நாடகம், கால்வேயின் ட்ரூயிட் குழு, கேரி ஹைன்ஸ் இயக்கம். நினைவு தடுமாறும் பாட்டி படுக்கையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சிரிப்புப் போட்டியின் கதையை ராத்திரிதோறும் சொல்கிறாள், முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறாள். பேத்தி மேரி இன்றைக்காவது முடித்துவிடு என்று விடாமல் நச்சரிக்கிறாள். ஐரிஷும் ஆங்கிலமும் கலந்து புரளும் அந்த வசனம் உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. அதுதான் உங்கள் கடைசி மேடை வேடம். 1986 நவம்பரில் நுரையீரல் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

மேடையில் உங்களைப் பார்க்கக் கொடுத்துவைக்காத எங்களுக்கு இசைத்தட்டுகள்தான் கதி. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலின் முடிவில் மாலி புளூம் என்ற பெண் தனக்குள் பேசிக்கொள்ளும் பகுதியை நீங்கள் வாசித்த பதிவு இருக்கிறது. மூச்சு விட நிறுத்தற்குறிகூட இல்லாத அந்தப் பக்கங்களைச் சொந்தக் கதை மாதிரி சொல்லிக்கொண்டே போகிறீர்கள். ஷிவாகோ பார்த்தவர்களிடம் நான் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்