கார் ஷெட்டுக்கு வெளியே நடந்த கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கணினித் தொழில் மையமான சிலிக்கான் பள்ளத்தாக்கு, அரசு ஒதுங்கி நின்றதால்தான் செழித்தது என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. அங்குள்ள பாலோ ஆல்டோவில் 1939-இல் எச்பி நிறுவனத்தின் நிறுவனர்களான ஹியூலட்டும் பக்கார்டும் ஒரு கார் ஷெட்டில் தொழில் தொடங்கியதைச் சொன்ன அக்கட்டுரை, கடைசிவரை அந்த ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. (பல ஆண்டுகள் வகுப்பில் நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.) அவ்விருவரையும் ஊக்குவித்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃபிரெடெரிக் டெர்மன், இரண்டாம் உலகப் போரின்போது எதிரி ரேடார்களைக் குழப்பும் கருவிகளை உருவாக்கிய ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் என்பதும், திரும்பி வந்து ராணுவ ஆராய்ச்சி நிதியைக் கொண்டே தம் பொறியியல் துறையை வளர்த்தவர் என்பதும் கட்டுரையில் விடுபட்டுள்ளன.

அதைவிடப் பெரிய விடுபடல், டிரான்சிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுப் பாகம்) செய்த ஃபேர்சைல்டு செமிகண்டக்டர். 1957-இல் தொடங்கிய அந்நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் ஆர்டர் 100 டிரான்சிஸ்டர்கள், ஒன்றின் விலை 150 டாலர்; அமெரிக்க விமானப்படையின் பி-70 குண்டுவீச்சு விமானத்தின் கணினிக்காக ஐபிஎம் அவற்றை வாங்கியது. வீட்டு ரேடியோ செய்பவர் எவரும் அந்த விலை கொடுத்திருக்க மாட்டார். பிறகு மினிட்மேன் என்ற அமெரிக்க அணு ஏவுகணைக்கு டிரான்சிஸ்டர் கேட்டபோது ஒரு கோளாறு பெரிதாகத் தெரிந்தது: உலோகக் கூட்டுக்குள் ஒட்டியிருந்த துகள் கழன்று விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். ஊழியர்கள் ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்டிப் பார்த்துப் பழுதானவற்றைக் கழித்தார்கள். ஆனால் பறக்கும் ஏவுகணைக்குள் யார் போய்த் தட்டுவது? சிலிக்கான் மேல் படியும் ஆக்சைடு படலத்தை அகற்றாமல் காப்பாக விட்டுவைக்கும் யோசனையை ஃபேர்சைல்டின் ஜீன் ஹோர்னி 1957-லேயே நோட்டில் எழுதி வைத்திருந்தார். இந்த நெருக்கடியில்தான், 1959-இல், அது பிளானர் முறையாகச் செயலுக்கு வந்தது. இன்றைய சிப்புகளும் அந்த முறையின் வழி வந்தவையே.

எல்லாம் ராணுவத்தின் கைவேலை என்று நான் சொல்லவில்லை. ஃபேர்சைல்டின் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் ஆராய்ச்சிக்கு ராணுவப் பணம் வாங்குவதை விரும்பாதவர். ஆனால் சரக்கு விலைபோனது ராணுவத் தேவைக்குத்தான்.

உளவுத்துறையின் பங்கோ அண்மைக்காலம் வரை நீள்கிறது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ 1999-இல் உருவாக்கிய இன்-கியூ-டெல் என்ற முதலீட்டு அமைப்பு, 2003-இல் கீஹோல் என்ற வரைபட மென்பொருள் செய்யும் சிறு நிறுவனத்தில் பணம் போட்டது. அடுத்த ஆண்டே கூகுள் அதை வாங்கியது. நம் மொட்டை மாடியைக் காட்டும் கூகுள் எர்த் அதிலிருந்து வந்ததே.

ஆகவே, அரசு ஒதுங்கி நின்றதால்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு செழித்தது என்ற கட்டுரையாளரின் வரியைத் திருத்த வேண்டும். அடுத்த பகுதியில், 1950-களில் அதே பள்ளத்தாக்கின் சன்னிவேல் நகருக்கு வந்த, விமான நிறுவனமான லாக்ஹீடின் ஏவுகணைப் பிரிவுக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கக் கோருகிறேன்; அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோரை எந்தக் கார் ஷெட்டிலும் அடைக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
திருச்சி.