தாத்தா ஜாடை

தம்பிக்கு,

மூணு ஞாயிறாக போன் இல்லை. வேலை ஜாஸ்தி போல. ராத்திரி சாப்பாட்டை மட்டும் விடாதே.

"நான்னு ஒருத்தன் கிடையாதும்மா, எல்லாம் ஜீனும் வளர்ந்த இடமும்தான்" என்றாயே, அதைப் பழைய வண்ணாரப்பேட்டை சித்தியிடம் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் பாதி படித்துவிட்டு நிறுத்திவிட்டாய்.

1998இல் வந்த ரப்பர் கை சோதனையைச் செய்து பார். கையுறையில் பஞ்சை அடைத்து மேசைமேல் வை. உன் கையை ஒரு சாண் தள்ளி வைத்து, நடுவில் அட்டையை நிறுத்தி மறைத்துவிடு. தோளிலிருந்து கையுறையின் மணிக்கட்டு வரை துண்டு போடு. ரெண்டு பெயின்ட் பிரஷ் வேண்டும். ரெண்டு கையிலும் அதே விரலை, அதே பக்கமாக, ஒரே நேரத்தில் வருடணும். ரெண்டு மூணு நிமிஷத்தில் பஞ்சுக் கை உன் கையாகிவிடும். எல்லாருக்கும் இல்லை, நிறையப் பேருக்கு. அரை நொடி முன்னே பின்னே ஆனால் போச்சு. கையுறையைக் குறுக்கே திருப்பி வைத்தாலும் போச்சு. நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் ராமச்சந்திரன் வெறும் மேசையையே கையாக உணர வைத்தார். வருட இன்னொரு ஆள் வேண்டும், தனியாக முடியாது. ரூமில் கூட யாராவது இருக்காங்கதானே?

'என் கை' என்பது கண்ணும் தோலும் சொல்வதை ஒப்பிட்டு மூளை அப்போதைக்கு அப்போது போடுகிற கணக்கு. பிறந்தபோதே எழுதி முடித்தது இல்லை. தாத்தாவின் அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதில் பரம்பரையின் பங்கு சுமார் பாதி என்றுதான் இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பாதியும் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தை ஊர் மொத்தமாக அளந்த கணக்கு. உன்னை நடுவில் பிளந்து இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் நீ என்று காட்ட முடியாது.

இதெல்லாம் தெரிந்த நான்தான், நாலு வயசில் நீ சோற்றுத் தட்டைத் தள்ளியபோது "அப்படியே தாத்தா" என்றேன். அப்புறம் எதற்கெடுத்தாலும் அதையே சொன்னேன், வந்தவர்கள் முன்னாலும். பிரஷ் பிடித்தது நான்தான் தம்பி. இருபது வருஷம், ஒரே விரலில்.

போன தடவை நாக்கு குழறியதற்குத் தூக்கக் கலக்கம் என்றாய். சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிடு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

அம்மா