தெரு பெருக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் என் குதிரை சுல்தான் மறுபடியும் புல் தின்கிறான். நாடி நிமிஷத்துக்கு 40-க்கு இறங்கி இயல்பாகிவிட்டது, விட்டுவிட்டு அடிப்பதும் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அரளி இலை விஷத்தில் அவன் உயிருக்குப் போராடியது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

பலருக்குத் தெரியாதது, எங்கள் தெருவைப் பெருக்க வருகிற அக்கா செய்தது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குதிரைக்கு வயிற்று வலி வந்தால் புரளவிடாமல் நடத்துவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். தம்பிகள் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கேரிபேக். உள்ளே காய்ந்து சுருண்ட நீள இலைகள். "லாயத்துக்குப் பின்னாடி யாரோ அரளியை வெட்டிப் போட்டிருந்தாங்க. நான் வர்றதுக்குள்ளே இவன் மேஞ்சிட்டானோ என்னவோ, டாக்டர்கிட்ட காட்டு" என்றார். அள்ளிய வண்டிக் குப்பை முழுவதையும் கையாலேயே கிளறித் தேடியிருக்கிறார்.

அந்தப் பையைப் பார்த்ததும் டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை, "நடத்தாதீங்க!" அரளி விஷம் இதயத்தைத்தான் பிடிக்கும், நடக்க நடக்க அதற்குப் பாரம் கூடும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. அதனால் மூக்கு வழியே குழாய் விட்டு, விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கரைசலை இறக்கினார்கள். பச்சை அரளி கசக்கும். ஆடு மாடு தொடாது என்றுதான் ரோட்டு நடுவில் நட்டு வைக்கிறார்கள். வெட்டிப் போட்டுக் காய்ந்துவிட்டால் கசப்பு குறைந்துவிடும், விஷம் அப்படியே இருக்கும். ஒரு கைப்பிடி இலையே ஒரு குதிரையைச் சாய்த்துவிடுமாம்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "எனக்கு லேட் ஆயிடுச்சு, மேஸ்திரிகிட்ட நீ வந்து சொல்லிடு, அது போதும்" என்றார். சொல்லிவிட்டேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், ராத்திரி முழுக்க நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவப் பிள்ளைகள், வாடகை வாங்காத மினி லாரி அண்ணன், கட்டுக்கட்டாகப் புல் கொண்டு வந்த தெருப் பசங்க, மாற்றுக் குதிரை ஏற்பாடு செய்த பேண்டு செட் தம்பிகள், "அட்வான்ஸை அப்படியே வச்சுக்கோப்பா" என்ற கல்யாண வீட்டுப் பெரியவர், உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

இலையைக் கொட்டியவர் யார் என்று நான் தேடப்போவதில்லை. தெரிந்து செய்திருக்க மாட்டார். வீட்டு வாசலிலோ கோயிலிலோ அரளி வெட்டினால் குப்பை வண்டியிலேயே போட்டுவிடுங்கள். கொளுத்தாதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. லாயத்துக்குப் பின்னால் என் செலவில் தகரத் தடுப்பு வைக்கப் போகிறேன். இனி அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்காமல் சுல்தானை அவிழ்ப்பதில்லை.

அக்கா வீட்டில் எப்போது கல்யாணம் என்றாலும் சுல்தான் வருவான், காசு பேச்சே கிடையாது என்று சொன்னேன். "என் பொண்ணுக்குக் குதிரைன்னா பயம். பேண்டு செட்டை வேணும்னா கம்மி ரேட்டுல பேசிக் குடு" என்றார். சரி, தம்பிகளிடம் பேசிவிட்டேன்.