ட்வீட்டர் ஏன் கருகுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீட்டு ஒலியமைப்பு பற்றி வந்த கட்டுரையில், ஸ்பீக்கரின் வாட்டைவிடக் குறைந்த வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் ஸ்பீக்கர் எரியாது என்று எழுதியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்பீக்கருக்குள் உயர் அதிர்வெண் ஒலியை மட்டும் தரும் சின்னப் பகுதிதான் ட்வீட்டர். என் மேசைக்கு வரும் கருகிய ட்வீட்டர்களில் பல, சின்ன ஆம்ப்ளிஃபையரைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி வால்யூமை முழுக்கத் திருகியதால் போனவை.

ட்வீட்டரைப் பிரித்தால் உள்ளே அதை அதிரவைக்கும் சுருளான வாய்ஸ் காயிலின் கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருந்தாலும் அதில் ட்வீட்டரின் பங்கு சில வாட்தான். ஆம்ப்ளிஃபையர் சக்திக்கு மீறி ஓடும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் புதிதாய் முளைக்கின்றன. அதிர்வெண்படி ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸோவர் அவற்றை நேரே ட்வீட்டருக்கு அனுப்புகிறது. மெல்லிய கம்பி தாங்காமல் கருகுகிறது. பிரித்த உடனே வார்னிஷ் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும். பெரிய ஆம்ப்ளிஃபையரும் எரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே சத்தம் தாங்காமல் கை வால்யூமைக் குறைத்துவிடும்.

வாட்டைப் பார்த்து நானும் ஏமாந்தவன்தான். என் வீட்டு ஸ்பீக்கரின் மின்தடை பெயருக்கு 6 ஓம். உண்மையில் 110 ஹெர்ட்ஸ் அருகே 3 ஓம் வரை இறங்கும். விலை உயர்ந்த ஸ்பீக்கர்களில் தாழ் ஒலி தரும் ஊஃபர்களை இரண்டு மூன்றாக இணையாக இணைப்பதால் இது சகஜம். ஓம் பாதியானால் அதே வோல்டேஜுக்குக் கரண்ட் இரட்டிப்பு. நான் வாங்கியது 100 வாட் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஆம்ப்ளிஃபையர். ஒரு சேனல் மட்டும், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்பது கீழே பொடி எழுத்தில். மிருதங்கத் தனியில் தொப்பியில் கும்கி விழுந்தது, கரண்ட் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே உள்ளே ‘டக்’ என்றது, அமைதி. அடுத்த அறையிலிருந்து மனைவி, “அதுக்குள்ள தனி முடிஞ்சிருச்சா?” என்றாள்.

இப்போது இருப்பது 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 115 வாட், இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது. காகிதத்தில் பழையதைவிடச் சிறியது. டிரான்ஸ்ஃபார்மர் கனத்தால் தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. (கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை ஆம்ப்ளிஃபையரில் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.) அதே வால்யூமில் ரிலே வாயே திறப்பதில்லை.

சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 87 டெசிபல் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆக 4 ஓம் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்குத் தருவது 84தான். 3 டெசிபல் கூட்ட வாட் இரட்டிப்பாக வேண்டும். சராசரிக்கு மேல் 20 டெசிபல் எகிறும் இசைக்கு அந்தக் கண நேரம் 100 மடங்கு வேண்டும். சாதாரணமாக 1 வாட்டில் பாடுவது அப்போது 100 கேட்கும்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் ஆம்ப்ளிஃபையரின் 4 ஓம் வாட்டையும் ஸ்பீக்கரின் குறைந்தபட்ச ஓமையும் பார்த்து வாங்கச் சொல்லி ஒரு பத்தி எழுதினால் என் மேசைக்கு வரும் ட்வீட்டர் குறையும். என் வரும்படியும்தான், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்