காப்புக்காட்டு எல்லைத் தண்ணீர்த் தொட்டியில் புள்ளிமான்களை நாய்க்கூட்டம் கடித்துக் கொல்வதைத் தடுக்கக் கோரி நான்காவது மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

அனுப்புநர்:
மலையடிவார ஊராட்சி விவசாயிகள், ஆடு மேய்ப்போர், கிராம வனக்குழு உறுப்பினர்கள்

பார்வை: எங்களின் முந்தைய மூன்று மனுக்கள் (திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு, இணையவழியில் ஒன்று)

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இடம் தாங்கள் அறிந்ததுதான். பைபாஸிலிருந்து மலைக்குத் திரும்பும் தார்ச்சாலையில் முதலில் ஊராட்சிக் குப்பைமேடு, அடுத்து ஏரிக்கரை, மதகுக்கு எதிரே காப்புக்காட்டு எல்லைக்கல். மரக்கன்று நடும் விழாவுக்கு வந்தபோது தங்கள் வாகனம் நின்ற வேப்பமரத்தடியில் நின்றால் தொட்டி கண்ணுக்குத் தெரியும். கல்லெறி தூரத்தில் குப்பைமேடும் தெரியும். எங்கள் வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

1. புள்ளிமானுக்குக் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். உள்காட்டுச் சுனைகள் வற்றியதும் அவை இந்தத் தொட்டிக்குத்தான் வந்தாக வேண்டும். நல்ல எண்ணத்தில் கட்டிய தொட்டிதான். ஆனால் டேங்கர் லாரி காட்டுக்குள் போகாது என்பதற்காகச் சாலையோரத்தில் கட்டினார்கள். காட்டு விளிம்பிலிருந்து தொட்டி வரை மறைப்புக்கு ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி.

2. குப்பைமேட்டில் இரவானால் கோழிக் கழிவு மூட்டைகள் வந்து விழுகின்றன. எவ்வளவு தீனியோ அவ்வளவு நாய். பத்தைப் பிடித்துக்கொண்டு போனால், தீனி அங்கேயே இருப்பதால் பக்கத்து ஊர் நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறது. இரவில் வீட்டுக்கு வெளியே விடப்படும் தோட்டத்து நாய்களும் இந்தக் கூட்டத்தோடு சேர்கின்றன. அவற்றில் சில கழுத்துப்பட்டையோடு திரிகின்றன. பூனைகளும் அந்தக் கழிவுக்கே வருகின்றன. ஏரிக்கரையில் தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கும் கௌதாரிக்கும் அவையே எமன். அதற்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டும், இப்போது மானுக்கு வருகிறோம்.

3. மான் எப்படிச் சாகிறது என்பதை முந்தைய மனுக்களில் சுருக்கமாக எழுதினோம். சுருக்கமாக எழுதியதால்தானோ என்னவோ, யாருக்கும் உறைக்கவில்லை. ஆகவே விவரமாக எழுதுகிறோம்.

பொழுது சாயும் நேரத்தில் பெண்மான்கள் குட்டிகளோடு தொட்டிக்கு வரும். நாய்கள் தண்ணீரண்டை பாய்வதில்லை. இரண்டு நாய் காட்டுப் பக்கம் சுற்றிப்போய் வழியை அடைக்கும், மற்றவை குப்பைமேட்டுப் பக்கமிருந்து கிளம்பும். மிரண்ட மான் திறந்திருக்கும் ஒரே பக்கமான மாந்தோப்பை நோக்கி ஓடும். அங்கே கம்பிவலை வேலி. அந்த வேகத்தில், மங்கிய வெளிச்சத்தில், மெல்லிய கம்பி மானின் கண்ணுக்குப் படாது. மோதிக் கழுத்து முறியும், அல்லது முன்கால் வலையில் சிக்கும். சிறுத்தையாக இருந்தால் தொண்டையைக் கவ்விச் சில நிமிடத்தில் முடித்துவிடும். நாய்க்கு அப்படிக் கொல்லத் தெரியாது. தொடை, மடி, வால்மூலம் என்று பின்பக்கத்தைப் பிய்க்கும். மான் உயிரோடு எழுந்து நிற்கப் பார்க்கும். குட்டி தூரத்தில் நின்று கத்தும்.

தப்பிக்கும் மானும் பல நேரம் பிழைப்பதில்லை அய்யா. மூச்சு முட்ட ஓடிய மானுக்குத் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். உடம்பில் ஒரு பல் தடம்கூட இல்லாமல் சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ விழுந்து சாகும். காப்பாற்றுகிறோம் என்று ஓடிவருபவர்கள் செய்வது அதைவிட மோசம். நாலு காலையும் இறுகக் கட்டுகிறார்கள், சாய்த்துப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கூட்டம் கூடிச் செல்பி எடுக்கிறது. அசைபோடும் விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பும், ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கண்ணைத் துணியால் மூடு, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வை, தலையைத் தூக்கிப் பிடி, நிழலில் வை, பேசாதே, கால்நடை மருத்துவரை அழை. மானைத் தொட்டவர்கள் கையை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்கு மருத்துவமனை போக வேண்டும், கடித்த நாய்க்கு என்ன நோய் என்று யாருக்குத் தெரியும்? இதை ஒரு தகரப் பலகையில் எழுதி வேப்பமரத்தில் மாட்டச் சொல்லி இரண்டாவது மனுவில் கேட்டோம். ஒரு பலகை அய்யா! அதுகூட வரவில்லை.

4. இறந்த மானுக்கு "அடையாளம் தெரியாத விலங்கு தாக்கியது" என்று எழுதி எரித்துவிடுகிறார்கள். தொண்டையில் இரண்டு ஆழமான பல் துளை, இழுத்துச் சென்ற தடம், புதர் மறைவில் கிடக்கும் உடல் என்றால் சிறுத்தை. பின்தொடையில் தாறுமாறான கிழிசல், வெட்டவெளியில் கிடக்கும் உடல், சுற்றிலும் நகம் பதிந்த காலடிகள் என்றால் நாய். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நாய்க்கு அது முடியாது. ஐந்து நிமிட வேலை. எழுதாதவரை கணக்கில் நாயே கிடையாது.

5. துப்பாக்கி உரிமம் உள்ள சிலரும், பழைய வேட்டைக்காரர்கள் சிலரும் "எங்களிடம் விடுங்கள், இரண்டு இரவில் முடிக்கிறோம்" என்கிறார்கள். வேண்டாம். நாயைச் சுடுவது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை தரும் குற்றம். காப்புக்காட்டு ஓரத்தில் துப்பாக்கியோடு இரவில் திரிய வழிவிட்டால் நாயோடு மானும் முயலும் விழும் என்பது ஊருக்கே தெரியும். அதைவிட எங்களுக்குப் பயம் குருணை மருந்தும் (வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லி), அவுட்டுக்காயும் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி). கோழிக்குடலில் மருந்து தடவி வைத்தால் நாய் மட்டுமா தின்னும்? நரி, கீரி, காக்கை, மயில் எல்லாம் சாகும், அவுட்டுக்காயைக் கடித்த மேய்ச்சல் மாட்டுக்கு வாய் கிழியும். அதிகாரிகள் வாளாவிருந்தால் யாராவது ஒருவன் அதைச் செய்வான். மிரட்டலாக எண்ண வேண்டாம். நடக்கப் போவதைச் சொல்கிறோம்.

6. சட்டப்படி செய்யக்கூடிய வழி 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் இருக்கிறது. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், பொறுப்பு உள்ளாட்சிக்கு. சரி. ஆனால் "பிடித்த இடம்" என்பது இங்கே மான் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு எதிரே! கருத்தடை செய்த நாய் குட்டி போடாதே தவிர, துரத்தாமல் இருக்காது. குப்பைமேடு இடம் மாறாமல் இந்த விதி இங்கே வேலை செய்யாது.

சரி, குப்பையை மட்டும் முதலில் மாற்றினால்? அது இன்னும் மோசம். தீனி திடீரென நின்றதும் பசித்த கூட்டம் அதே வாரம் மான்மீதும் எங்கள் ஆட்டுப்பட்டிமீதும்தான் பாயும். ஆகவே குப்பையை மாற்றுவதும் நாயைப் பிடிப்பதும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் நான்காவது முறையாக வந்திருக்கிறோம்.

பிடிப்பதிலும் முறை உண்டு. வலையோடு துரத்தினால் முதல் நாள் மூன்று கிடைக்கும், மீதி காட்டுக்குள் ஓடும், பிறகு வண்டிச் சத்தம் கேட்டாலே மறையும். கூண்டைக் கதவு திறந்தபடி கட்டி, மூன்று நான்கு இரவு உள்ளே தீனி வைத்துப் பழக்கி, பிறகு பொறியைப் போட வேண்டும். பத்தில் ஏழு நாய்க்காவது கருத்தடை ஆகாவிட்டால் கூட்டம் மறுபடி பெருகிவிடும். வெறிநோய் ஊசியோடு, நாயிடமிருந்து காட்டு விலங்குக்கும் தொற்றும் டிஸ்டம்பர் என்ற நோய்க்கான ஊசியும் போட வேண்டும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது கண்டறியப்பட்டது அந்த டிஸ்டம்பர் கிருமிதான். நம் காட்டில் நரியும் சிறுத்தையும் இருக்கின்றன.

7. வனத்துறையைக் கேட்டால் "நாய் ஊராட்சியின் பொறுப்பு". ஊராட்சியைக் கேட்டால் "காட்டு எல்லை வனத்துறையுடையது, எங்களிடம் கருத்தடை மையமும் இல்லை". கால்நடைத் துறையைக் கேட்டால் "கடிதம் வரட்டும்". இணையவழி மனுவுக்கு "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி, பத்து நாள் கழித்து "மனு முடிக்கப்பட்டது" என்று இன்னொன்று. எதை முடித்தார்கள்? மானைத்தான் முடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று துறைக்கும் ஒரே நாளில் உத்தரவு போடக்கூடியவர் தாங்கள் ஒருவரே.

ஆகவே அய்யா அவர்கள் கருணை கூர்ந்து:

அ) கோழிக் கழிவு கொட்டும் கடைகளுக்கு அபராதம் விதித்து, குப்பைமேட்டைக் காட்டெல்லையிலிருந்து அகற்றவும், அதே வாரத்தில் நாய்களைப் பிடிக்கவும் உத்தரவிட வேண்டும்.

ஆ) சாலையோரத் தொட்டிக்குப் பதிலாகக் காட்டுக்குள் இரண்டு தொட்டிகள் வேண்டும். ஒன்றே இருந்தால் நாயும் சிறுத்தையும் அங்கேயே காத்திருக்கும். குட்டி விழுந்து சாகாதபடி ஓரம் சரிவாக, ஓரடி ஆழத்தில், தட்டுப்போல் இருந்தால் போதும். லாரி உள்ளே போக வேண்டியதில்லை. எல்லைக்கல் அருகே மேடையில் ஒரு பிளாஸ்டிக் டேங்க் வைத்து, மண்ணில் புதைத்த குழாயில் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும், தரை அந்தப் பக்கம்தான் சரிகிறது.

இ) மாந்தோப்பு வேலியில் கைநீள இடைவெளியில் வெள்ளைத் துணிப்பட்டை கட்டத் தோப்பு உரிமையாளருக்கு அறிவுறுத்த வேண்டும். பழைய வேட்டி போதும்.

ஈ) அந்தப் பலகை.

சித்திரை வெயில் ஏறிவிட்டது, சுனைகள் வற்றிவிட்டன, இன்று மாலையும் மான்கள் தொட்டிக்கு வரும். தயவுசெய்து இந்த மனுவையும் "உரிய அலுவலருக்கு" அனுப்பிவிடாதீர்கள். தாங்களே ஒரு மாலை ஐந்தரை மணிக்கு அந்த வேப்பமரத்தடிக்கு வாருங்கள், அய்யா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவார ஊர்மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)