பூட்டிய கதவுக்குப் பிள்ளைகள் மீது பழியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற இளைஞர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை, அதனால்தான் ஊராட்சி நூலகங்கள் பயனற்றுக் கிடக்கின்றன என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை சொல்கிறது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிற எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. கட்டுரையாளர் எந்த ஊர் நூலகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு இதை எழுதினார்? எங்கள் ஊருக்கு வந்திருந்தால் உள்ளே போயிருக்கவே முடியாது. கதவு பூட்டியிருக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்தவள். 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் என்று கட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது. முதல் சில ஆண்டுகள் மாலை நேரங்களில் அங்கே உட்கார இடமிருக்காது. பொதுஅறிவுப் புத்தகங்களைப் பையன்கள் முறைவைத்து எடுத்துப்போனார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஊராட்சி கொடுத்த மதிப்பூதியம் சொற்பம், அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். அவர் கல்யாணமாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. சாவி ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிற்று. பிறகு பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய குழாய்களும் உள்ளே போயின.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஜன்னல் பெயர்ந்து மழை முழுவதும் உள்ளே இறங்கியது. விழுந்த தென்னைக்குக் கணக்கெடுத்தார்கள், சரிந்த வீட்டுக்குக் கணக்கெடுத்தார்கள். நனைந்த புத்தகத்தைக் கணக்கெடுக்க ஒருவரும் வரவில்லை. மிஞ்சியதைக் கரையான் பார்த்துக்கொண்டது.

நாட்டமில்லாத பிள்ளைகள் என்று தாங்கள் சொல்கிறீர்களே, அவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் தெரியுமா? குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற பையன்கள் இரவில் அம்மன் கோயில் மண்டபத்து விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் அங்கே போய் உட்கார முடியாது. புதுக்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் இருட்டியபின் எந்த பஸ்ஸில் திரும்பிவருவாள் என்று கேட்கிற தாய்க்கு என்ன பதில் சொல்வது? என் தங்கை மகள் அந்தக் கேள்வியோடு நின்றுபோனவள். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு இப்போது பூக்கட்டுகிறாள். அவளுக்கு நாட்டமில்லை என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும்.

வீட்டுவரி கட்டும்போது அதில் பத்து சதவீதம் நூலக வரியாக நாங்களும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி என்று தங்கள் பத்திரிகையே பெருமையாக எழுதியிருக்கிறது. அந்த வரிப்பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஊராட்சியில் கட்டிய நூலகமோ ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு ஆள் கேட்டால் இந்தத் துறை அந்தத் துறையைக் காட்டுகிறது, அந்தத் துறை இந்தத் துறையைக் காட்டுகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் பழியைப் பிள்ளைகள் தலையில் எப்படிப் போட்டீர்கள்?

கிராமத்து மக்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்ற பேச்சை 1991-லேயே கேட்டவள் நான். அப்போது இந்த மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். சம்பளமில்லாத தொண்டர்களாக நாங்கள் அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாகப் போனோம். பகலெல்லாம் கல் உடைத்த கையோடு பெண்கள் சிலேட்டைப் பிடித்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களைக் கேலி பேசியவர்கள் பிறகு தங்கள் மகள்களுக்கே சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அதுவரை கூலிக்குக் கல் உடைத்த பெண்களிடமே குவாரிகளைக் குத்தகைக்கு விட்ட மாவட்டம் இது. ஆர்வம் இல்லாத ஊரிலா இதெல்லாம் நடந்தது?

ஆனால் கையெழுத்துப் போடக் கற்ற பெண்களுக்கு அடுத்து வாசிக்க என்ன கொடுத்தோம்? வளர்கல்வி மையம் என்று ஒன்று வந்தது. சில ஆண்டுகளில் அதற்கும் பலகை மட்டும் மிஞ்சியது. என்னிடம் படித்த அக்காமார் சிலர் இன்று வங்கியில் மறுபடியும் கைநாட்டு வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற வேதனையைக் கட்டுரையாளர் அறியமாட்டார்.

கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மாலை முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். மழை பெய்தால் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கூப்பிடு தூரத்தில் நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் கொடுத்தார்களே, எங்கள் ஊர்ப் பெட்டியும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. திடலில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. இளைஞர்கள் அறுவடை முடிந்த வயலில் கபடி ஆடுகிறார்கள்.

கிராம சபையில் எழுந்து பேசாமலும் இல்லை. ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபின், யாரைக் கேட்பது என்பதும் குழப்பமாயிற்று.

தங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மாவட்டத்தில் எந்தெந்த ஊராட்சி நூலகம் எந்த நாளில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்ற விவரத்தை அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி, மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒருமுறை வெளியிடுங்கள். எங்கள் ஊர்ச் சாவியை மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைக்கச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன். திறந்து, கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட நாங்கள் இருக்கிறோம். அதற்கு மதிப்பூதியமும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளித் தொண்டர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.